ஏரிக்குப் போன ஒரு மணி நேரம்

திருவண்ணாமலை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள வேதாவுக்கு,

நான் சுகம். நீயும் நம் அபிநயாவும் மாப்பிள்ளையும் பேத்தி கவிநிலாவும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் அபிநயா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். மாப்பிள்ளை காதில் விழும்படி சில விஷயங்களைக் கேட்க எனக்கு வாய் வராது. மாடியில் குடியிருக்கும் பிரகாஷின் நண்பர் அமெரிக்கா வருகிறார். இதை ஒட்டி அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு வழக்கம்போல முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தேன். அங்கே காலை எட்டு மணி, நீ ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து கூப்பிடுகிற நேரம் என்ற நினைப்பு. நீ கூப்பிடவில்லை. ஆறாயிற்று. நானே கூப்பிடலாமா, தொந்தரவாக இருக்குமோ என்று எடுத்தேன், வைத்தேன். வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த பிரகாஷிடம் கேட்டேன். அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவன் அவன். "அம்மா மறக்கல சார். அங்க இன்னைக்கு மணியை ஒரு மணி நேரம் பின்னால தள்ளிட்டாங்க. எங்க ஷிப்டும் இனிமே லேட்டுதான். ஜாக்ரஃபி சாருக்கே தெரியலையா?" என்று சிரித்தான்.

முப்பது வருஷம் தீர்க்கரேகை நடத்தியவன் நான். வெயில் காலத்தில் கடிகாரத்தை முன்னால் தள்ளுவார்கள், குளிர் வருமுன் பழையபடி வைப்பார்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அது நம் வீட்டுப் போனுக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அந்த ஏற்பாட்டில் நன்மை உண்டு. கோடையில் வேலை முடிந்து வருகிறவர்களுக்குச் சாயங்கால வெளிச்சம் மிஞ்சும். விளக்குச் செலவு குறையும் என்கிறார்கள். அப்படி ஒன்றும் குறையவில்லை என்பவர்களும் உண்டு. தீமை என்றால், மாறுகிற வாரம் தூக்கம் கெடும். இப்போது ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, கவிநிலா வெளியே விளையாட முடியவில்லை என்று நீயே சொன்னாய். நம் ஊரில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நமக்கு இது வேண்டியதில்லை. வகுப்பாக இருந்தால் இத்தோடு நிறுத்தியிருப்பேன்.

ஆறரைக்கு நீ கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னது காதிலேயே நிற்கிறது. "இன்னைக்கு ஒரு மணி நேரம் ஜாஸ்தியா கெடச்சுதுங்க. ராமகிருஷ்ணன் சார், வாங்க, ஏரியை இன்னொரு சுத்து வரலாம்னார்."

இங்கே நான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே ஒரு மணி நேரம்தானே அது, வேதா?

ராமகிருஷ்ணன் நல்லவர்தான். மனைவியை இழந்து அங்கே மகன் வீட்டில் இருக்கிறவர். தமிழ் பேச ஆள் கிடைத்தால் கூட நடக்கத்தான் செய்வார். தன் மனைவியின் சிவப்புக் கையுறையை உனக்குக் கொடுத்ததும் குளிருக்காகத்தான். அபிநயா அனுப்பிய போட்டோவைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அந்தக் கையுறையோடு பல் தெரியச் சிரிக்கிறாய். நம் ஆல்பத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றில்கூட நீ அப்படிச் சிரிக்கவில்லை. எடுத்தவன் நான் என்பதால் இருக்கலாம்.

விசாவை நீட்டிக்கலாம், மார்ச்சில் மணியை முன்னால் தள்ளிவிட்டால் சாயங்காலமும் நடக்க வெளிச்சம் இருக்கும் என்று அவர் சொன்னதாகச் சொன்னாய். நீ என்ன பதில் சொன்னாய் என்று சொல்லவில்லை. தை மாதம் உனக்கு டிக்கெட் போட்டிருக்கிறதே என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் சிறுமையாகத் தெரியுமோ என்று பயம்.

தீபம் வருகிறது. பேருந்து நிலையத்தில் இப்போதே கூட்டம். மலை மேல் ஆறு மணிக்கு ஏற்றிவிடுவார்கள். அதை யாருக்காகவும் தள்ளி வைக்க மாட்டார்கள். நீ வழக்கம்போல நடந்துவிட்டு வந்து எட்டு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே ஆறரை ஆகிவிடும். ஐந்தரைக்குக் கூப்பிட வேண்டுமானால் உனக்குக் காலை ஏழு மணி. நீ ஏரியில் இருக்கும் நேரம். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன், தப்பில்லை.

அன்று ஒரு நாள் ஏரிக்குப் போகாதே. நம் மொட்டை மாடியில் நீ வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று, வீடியோவில் மலையைக் காட்டுகிறேன். மேகம் மறைத்தாலும் அரோகரா சத்தம் கேட்கும். ஸ்பீக்கரில் போட வேண்டாம்.

அண்ணாமலையார் உன்னைத் தையில் நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வீட்டுக்குள் குளிராது என்கிறாயே, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனைப் பிடி.

உன்,
அப்பாதுரை