ஹீட்டர் பக்கத்தில் வைத்த பூச்செடி

அண்ணாச்சி,

இன்று காலை பின்பக்கத்துக் கண்ணாடி அறையைத் திறந்ததும் வாசனை மூக்கில் ஏறியது. ஃப்ரீசியா பூத்துவிட்டது. வெளியே ஸ்னோ, உள்ளே மஞ்சள் பூ. யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது? நீங்கள் இல்லாத முதல் குளிர்காலம் இது.

கிடங்கில் நாம் ஒன்றாக வேலை பார்த்த நாளில், ஒரு லஞ்ச் நேரத்தில் சின்ன வெங்காயம் போலச் சில கிழங்குகளைக் கொடுத்தீர்கள். "சாம்பார்ல போட்டுராதேயும் வே, பூக்கிழங்கு."

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "பொங்கலுக்குக் கோயிலுக்குப் போறப்ப நம்ம வீட்டுப் பூதான் உன் தலையில" என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு.

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்!"

படித்தது பத்தாவது, மூளை அதற்கும் கீழே. எனக்கே குளிர்கிறது, செடிக்குக் குளிராதா என்று தொட்டியை ஹீட்டர் பக்கத்தில் வைத்துச் சீராட்டினேன். இலை மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்தது. மகள் தினமும் எட்டிப் பார்ப்பாள். நான் டிவியில் வானிலை பார்ப்பேன்.

நீங்கள் வந்து பார்த்துச் சிரித்தீர்கள். "என்னவே, புல்லு வளக்கீரா? வெளிச்சமும் குளிரும்தான் இதுக்குச் சோறு. உறையாமப் பாத்துக்கிட்டாப் போதும்." தொட்டியைத் தூக்கிக் கண்ணாடி அறையில் வைத்தீர்கள்.

என் மனைவி விடுவாளா? "இவரையும் அங்கயே வெச்சுட்டுப் போங்கண்ணாச்சி. ஏதாவது பூக்குதான்னு பாப்போம்."

பொங்கலுக்குப் பூ வரவில்லை. மகள் பிளாஸ்டிக் பூ கிளிப்போடு கோயிலுக்கு வந்தாள். காரில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மொட்டு மெதுவாகத்தான் வந்தது. பூத்த அன்று ஒரு கொத்தைச் செருகிக்கொண்டு உங்களிடம் ஓடினாள். "அங்கிள், ஸ்மெல் மை ஹேர்!"

குனிந்து முகர்ந்தீர்கள். "பிந்தி வந்தா என்ன தாயி, வந்துட்டுல்லா!"

அப்புறம்தான் என்னோடு பேசினாள்.

இப்போது அவள் காலேஜ் விடுதியில் இருக்கிறாள். போகும்போது ஒரு தொட்டியும் எடுத்துப் போனாள். போன வாரம் போன்: "அப்பா, ஒன்லி லீவ்ஸ். நோ பட்ஸ்."

"எங்க வெச்சிருக்க?"

"ஹீட்டர் பக்கத்துல. பாவம், குளிரும்ல?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னேன்: "ஜன்னலோரமா தள்ளி வை தாயி. குளிருதான் அதுக்குச் சோறு."

"தட்ஸ் அங்கிள்" என்றாள்.

மூளை என்னிடமிருந்துதான் போயிருக்கிறது, அண்ணாச்சி. நல்லவேளை, சொல்லிக் கொடுக்க உங்கள் பேச்சு என்னிடம் இருக்கிறது.