பழைய சத்தம் போடும் புது கிடார்

மச்சான்,

உறையைத் திறந்தால் புது கிடாரின் வார்னிஷ் வாசனை இன்னும் மூக்கைத் துளைக்கிறது. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி என்று அலைந்து, நான்கு கடை ஏறி இறங்கி வாங்கியது. எல்லாம் உன் மகள் இழுத்துவிட்ட வேலை. "என் கல்யாண ரிசப்ஷன்ல நீங்க ஒரு பாட்டு வாசிக்கணும் மாமா. அப்பா கிடார் சத்தம் மாரியே இருக்கணும்" என்றாள். நீ செத்துப்போன பிறகு உன் கிடாரைத்தான் கரையான் தின்றுவிட்டதே.

கடைகளில் "அம்பது வருஷத்து கிடார் மாரி பேசும் சார்" என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார்கள். நான் வாசித்தால் எல்லாமே கணீரென்றன. உன்னுடையதோ, தொண்டை கட்டியவன் அன்பாகப் பேசுகிற மாதிரி இருக்கும். எல்லாம் மரத்தின் மகிமை என்று ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். "ஆமா மச்சான், மரம் அப்டி" என்று நீயும் கூசாமல் தலையாட்டினாய், திருட்டுப் பயலே.

கடைசியில் ஒன்றை வாங்கிக்கொண்டு, சேக்காட்டு வீட்டில் உன் மனைவிக்கு, கம்பியை மீட்டும் பிக் வில்லையைப் பிடித்து வாசித்துக் காட்டினேன். பாதிப் பாட்டிலேயே தங்கச்சி சிரித்துவிட்டது.

"இன்னாண்ணா, பிளாஸ்டிக் பிக்க வெச்சிகினு தட்டுனா அவரு சத்தம் எப்டி வரும்? அவரு கட்டவெரல் சதையாலதான வாசிப்பாரு?"

"அவன்தான் நான் குடுத்த பிக்கெல்லாம் தொலைச்சிடுவானே."

"எங்க தொலைச்சாரு? அப்டியே டப்பால கீது. மாடி ஊட்டுக்காரரு நைட் ஷிப்ட், பகல்ல தூங்குவாரு. அவரு எழுந்துக்கக் கூடாதுன்னு இப்டியே வாசிச்சுப் பழகிட்டாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் கிண்டல் செய்திருப்பேன் என்று தெரிந்துதான் மறைத்திருக்கிறாய்.

பத்து நாள் கட்டைவிரலால் சாதகம் செய்தேன். விரலில் கொப்புளம் வந்தது. ரிசப்ஷனில் வாசித்தபோது பாதிப் பேர் பந்திக்குப் போய்விட்டார்கள். ஆனால் மேடையில் நின்ற உன் மகள், முதல் வரியிலேயே என் பக்கம் திரும்பிவிட்டாள். "இங்க பாரும்மா, இங்க பாரும்மா" என்று போட்டோக்காரர் கத்திக்கொண்டே இருந்தார். பாட்டு முடிகிறவரை அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

அதன்பின் நான் பிக்கைத் தொடவில்லை. எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது, மச்சான். தினமும் மத்தியானம் அது தூங்கும் நேரத்தில்தான் வாசிக்கிறேன். இதுவரை ஒருநாள்கூட அழுததில்லை.