பல்லக்கு திரும்பிய பக்கம்

மே 18

நௌரிக்குப் போய் மகள் விஜ்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். நெய்யும் சிவப்பரிசியும் கொண்டுபோனேன்.

கரும்பாறைச் சரிவு வரை ஒன்றுமில்லை. போன மழையில் மண் சரிந்து விழுந்த இடம் அது. நாற்பதடிக்குப் பாதையே கிடையாது, நேர் கீழே சூப்பின் என்னும் ஆறு. ஆட்டுக்காரர்கள் கால் வைத்த தடத்தில், புல்லைப் பிடித்துக்கொண்டு, மலைப்பக்கம் சாய்ந்தபடியே கடந்தேன். இருபது வருஷம் வனக்காவலராகத் திரிந்த கால்கள். இன்று ஒவ்வோர் அடியையும் சோதித்துத்தான் வைத்தன.

விஜ்மாவுக்கு ஆறாம் மாதம். அப்பாவைக் கண்டதும் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் கத்தினாள். "உங்களுக்கு என்ன கிறுக்கா? நெய் இல்லேன்னா நான் செத்தா போயிடுவேன்?" பிறகு அந்த நெய்யை ஊற்றித்தான் மூன்று ரொட்டி தின்றாள்.

ஆகஸ்டில் பிரசவம். எங்கள் வழக்கத்தில் அது மாமியார் வீட்டில்தான். நல்லபடியாக நடந்தால் சரி. ஏதாவது என்றால்? மோட்டார் சாலை அக்கரையில், பாலம் எங்கள் ஊரில். நௌரிக்கு இந்த ஒரு பாதைதான். ஆகஸ்டில் ஆறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மே 26

கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம். ஊர் ஊராகப் பல்லக்கில் போகும் எங்கள் தெய்வம் தேவதாவை இந்த வருஷம் ஜீப்பில் கொண்டுபோகலாம் என்று தலைவர் கிருபால் ஆரம்பித்தார். தேவதா போக வேண்டிய மற்ற மூன்று ஊருக்கும் அக்கரையிலிருந்து பாலம் வந்துவிட்டது. நௌரி மட்டும்தான் பாக்கி.

"ஒம்பது வீடு. அவங்க இங்க வந்து கும்பிட்டுக்கட்டும்."

"எப்படி வருவாங்க? பறந்தா?" என்று நான் எழுந்தேன்.

"சைன்சிங், உன் மக அங்க இருக்கா, அதான் உனக்குப் பொத்துக்கிட்டு வருது" என்றார் கிருபால்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆமாம், மகள் இருக்கிறாள். அதனாலென்ன?

விஷயம் இதுதான். தேவதா போகும் பாதையைச் சீராக்கத்தான் வீட்டுக்கு ஓர் ஆள் கடப்பாரையோடு வர வேண்டும். மனுஷன் போகும் பாதைக்கு எவனும் வர மாட்டான். தேவதா ஜீப்பில் ஏறினால் சரிவு சரிவாகவே கிடக்கும். சர்க்காருக்கு மனுக் கொடுத்தோம், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார்கள். விஜ்மாவின் பிள்ளை அடுத்த வருஷம் வரை காத்திருக்குமா?

கடைசியில் பூசாரி சொன்னார்: "நாம யாரு முடிவு பண்ண? அவரையே கேட்டுடுவோம்." ஜூன் 9 அன்று பல்லக்கைத் தூக்கிக் கேட்பதாக முடிவு. பாலத்துப் பக்கம் திரும்பினால் ஜீப். கிழக்கு வாசல் பக்கம் திரும்பினால் பழைய பாதை.

மே 27

பல்லக்கின் முன்தண்டைத் தூக்குவது எங்கள் வீட்டு உரிமை. பின்தண்டு ஜபர்சிங் வீட்டுக்கு. வயல் கால்வாயை அவன் திருப்பிவிட்டதிலிருந்து பதினோரு வருஷமாக அவனோடு எனக்குப் பேச்சு இல்லை. ஒரே பல்லக்கை இரண்டு பேரும் தூக்குகிறோம், ஒரு வார்த்தை கிடையாது. தேவதா இதையெல்லாம் எப்படிப் பொறுத்துக்கொள்கிறாரோ.

ஜூன் 2

மழை. முட்டி வலி. ஒன்றும் ஓடவில்லை.

ஜூன் 8

யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதிவைக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் தண்டு தூக்கியிருக்கிறேன். ஒருநாளும் நானாக அசைத்ததில்லை. அது தானாக நகரும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தோள் அறியும். நீங்கள்தான் தள்ளுகிறீர்கள் என்று பட்டணத்துப் பையன்கள் கேலி செய்தால் அடிக்கப் போயிருக்கிறேன்.

நாளைக்கு அது பாலத்துப் பக்கம் திரும்பினால்?

மனைவி சுந்தராவிடம் ஜாடையாகக் கேட்டேன். "மக பெருசா, தேவதா பெருசான்னு என்கிட்ட கேக்காதீங்க. ரெண்டும் நீங்க தூக்கினதுதான்" என்று போய்விட்டாள். இவளிடம் கேட்டதே தப்பு.

ஜூன் 9

தள்ளிவிட்டேன்.

நான்தான். மேளம் உச்சத்துக்குப் போனது. பூசாரி கேட்டார். பல்லக்கு ஆடியது, முன்னும் பின்னும், வழக்கம்போல. பாலத்துப் பக்கம் லேசாகச் சாய்ந்தது — அல்லது சாய்ந்த மாதிரி எனக்குத் தோன்றியது. அந்த நொடியில் விஜ்மாவின் முகம். வலது தோளைக் கொடுத்து ஒரே நெட்டு. சரசரவென்று திரும்பி, கிழக்கு வாசலைத் தாண்டி, பாதையில் முப்பது அடி போய்த்தான் நின்றது. கூட்டம் ஓவென்று கத்தியது. கிருபால் செருப்பை உதறிவிட்டுக் கீழே விழுந்து கும்பிட்டார்.

என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய திருட்டு செய்ததில்லை.

ஜூன் 11

முட்டி வீங்கிவிட்டது. பசு உதைக்கிறது, பால் தரவில்லை. தேவதா தண்டனையை ஆரம்பித்துவிட்டார்.

ஜூன் 14

சரிவில் வேலை. எங்கள் ஊரிலிருந்து அறுபத்து மூன்று பேர், நௌரிப் பக்கத்திலிருந்து பதினாறு பேர். தேவதாரு மரம் இரண்டை வெட்டி வைத்து, கல்லடுக்கி, நடுவில் மண் கொட்டினோம். கிருபாலும் கல் சுமந்தார். "தேவதாவுக்கு ஜீப்னா வாந்தி வரும் போல, வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்" என்று முனகிக்கொண்டே. சிரிக்காத ஆள் இல்லை. நான் மட்டும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் என் பொய்யின்மேல் கல் அடுக்குகிறார்கள்.

ஜபர்சிங் தள்ளி நின்று வேலை செய்தான். என் பக்கமே திரும்பவில்லை. அது நல்லதுதான்.

ஜூன் 20

தேவதாவோடு நௌரி போய் வந்தோம். ஒன்பது வீட்டிலும் விளக்கு. பல்லக்குக்கு முன்னால் நின்று விஜ்மா அழுதாள். பூசாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் பாதைக்கு என்ன ஆகும்? மூடிக்கொண்டேன்.

தண்டனை எனக்கு மட்டும் வரட்டும். அவள் வயிற்றில் வந்துவிடக் கூடாது. இதுதான் எனக்கு நிஜமான பயம்.

ஜூலை 30

ஒரு வாரமாக விடாத மழை. சரிவில் சுவர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். நிற்கிறது.

ஆகஸ்ட் 23

காலை ஆறு மணிக்கு விஜ்மாவுக்கு வலி. குழந்தை குறுக்காகக் கிடக்கிறது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாளாம். நாற்காலியில் வைத்துக் கட்டி, நௌரி ஆட்கள் முறை மாற்றி மாற்றித் தூக்கி வந்திருக்கிறார்கள். எட்டரைக்குப் பாலம். ஜீப். ஆஸ்பத்திரியில் கத்தி வைத்து எடுத்தார்கள்.

பெண் குழந்தை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். இரண்டு பேரும்!

டாக்டரம்மா சொன்னார், இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் ஒருத்தியும் மிஞ்சியிருக்க மாட்டாள் என்று. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சிறு பிள்ளை போல அழுதேன்.

செப்டம்பர் 17

நௌரியில் பேர் வைக்கும் விழா. ஊரில் எல்லோருக்கும் அழைப்பு. காலையில் பாதையில் எனக்கு முன்னால் ஜபர்சிங் போய்க்கொண்டிருந்தான். தாண்டிப் போகவும் முடியவில்லை, பின்தங்கவும் மனம் வரவில்லை. என்ன தோன்றியதோ, அவன் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"ஜபர், அன்னிக்கு நான்தான் தள்ளினேன்."

நின்றான். திரும்பினான். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்கிறேன், கிழடாகியிருக்கிறது.

"நீ தள்ளினியா?"

"ஆமா."

"அட நாசமாப் போறவனே. நான் தள்ளினேன்டா! மூணு மாசமா சோறு எறங்காம கெடக்கேன். பல்லக்கு அவ்வளவு லேசாத் திரும்பவும், தேவதாவே கோபத்துல எட்டி உதைச்சிட்டாருன்னு நெனச்சு நடுங்கிட்டிருந்தேன்."

"நீ எதுக்குடா? உனக்கு நௌரில யாரு இருக்கா?" என்றேன்.

"கால்வாய்த் தண்ணிக்கு உன்னோடதான் சண்டை. அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?" என்றான். சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டான், என் கண்ணைப் பார்க்காமல்.

தேவதாவுக்கு ஓர் ஆடு கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று பேசிக்கொண்டோம். பிறகு யார் வீட்டு ஆடு என்று தகராறு கிளம்பியது. முன்தண்டுக்காரன்தான் கொடுக்க வேண்டும் என்றான். பின்னாலிருந்து நெட்டியவனுக்குத்தான் பாவம் அதிகம் என்றேன். பேச்சில் கால்வாய் வந்தது, அவன் அப்பா வந்தார், என் மைத்துனன் வந்தான். பதினோரு வருஷத்தையும் வழியெல்லாம் கத்தித் தீர்த்தோம்.

நௌரியின் முதல் வீடு தெரிந்தபோதுதான் உறைத்தது. சரிவை எப்போது தாண்டினோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.