இடது ஓரம்

மார்ச் 4

பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடி பணிமனை வாசல் கம்பத்தில் இடித்து இன்று மறுபடியும் உடைந்தது. அந்தக் கம்பம் புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை. பணிமனை மெக்கானிக் பல்லை இளித்தான்: "கண்ணு தெரியாதது கண்ணாடிக்கா, உங்களுக்கா அண்ணே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 9

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குளுக்கோமா, கண் நரம்பைக் கொல்லும் நோய். இரண்டு கண்ணிலும் ஓரப்பார்வை போய்விட்டதாம், இடது பக்கம் ரொம்ப மோசம். வலி இல்லை, இருட்டு இல்லை - எனக்கு எப்படித் தெரியும்?

டாக்டரம்மா சொன்னார்: "போன இடம் கறுப்பாத் தெரியாதுங்க. மூளை அதைக் காலியா விடாது. பக்கத்துல இருக்கறதை வச்சு அதுவே நிரப்பிக்கும்."

அப்படியானால் இத்தனை நாளும் பாதித் தெருவை நானே கற்பனை செய்துகொண்டு ஓட்டியிருக்கிறேன். அறுபது பேரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு!

சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றுமாம். போனது போனதுதான். கண் சான்றிதழ் இல்லாமல் பஸ்ஸைத் தொடக்கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மார்ச் 11

வேலைக்குப் போகாத காலை இவ்வளவு நீளமா?

மார்ச் 17

டாக்டரம்மா ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். தலையில் ஒரு பட்டை கட்டி, வெளியிலிருந்தே மெல்லிய மின்சாரம் கொடுப்பார்கள். கத்தி கிடையாது, ஊசி கிடையாது. "செத்த நரம்பை எழுப்ப முடியாது. சோர்ந்து கிடக்கறதையும், அது அனுப்பறதை வாங்கற மூளையையும் தட்டி எழுப்ப முடியுமான்னு பார்க்கறோம்." பாதிப் பேருக்கு நிஜ மின்சாரம், மீதிப் பேருக்கு வெறும் பட்டை. யாருக்கு எது என்று கடைசி வரை சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் சொன்னதும் மனைவி கிண்டலடித்தாள்: "நான் சொல்லித்தான் எதுவும் மண்டையில ஏறல. கரண்டு வச்சாலாவது ஏறுதா பார்ப்போம்." சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய் அழுதாள். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மார்ச் 24

பட்டை கட்டினார்கள். கண்ணை மூடியிருந்தும் ஓரத்தில் மினுக் மினுக் என்று வெளிச்சம். எனக்கு நிஜமானதுதான். வெறும் பட்டை மினுக்குமா?

ஏப்ரல் 2

இன்று நடந்து வரும்போது இடது பக்கம் ஒரு நாயைப் பார்த்தேன். நிச்சயமாகப் பார்த்தேன்.

ஏப்ரல் 10

ஆராய்ச்சியின் நடுவில் வைக்கும் பார்வைச் சோதனை. பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷின். தாடையை அதில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்கே வெளிச்சப் பொட்டு வந்தாலும் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பட்டை கட்டும் முன் வைத்த முதல் சோதனையில் வெகுநேரம் எதுவும் வராமல் காத்துக் கிடந்தேன். இன்று விரல் ஓயவே இல்லை!

தாளை எட்டிப் பார்த்தேன். பார்வை இல்லாத இடத்தைக் காட்டும் கறுப்பு பாதியாகச் சுருங்கியிருந்தது. சோதனை எடுக்கும் பெண் தாளை மூடி வைத்தாள். "டாக்டர் திங்கக்கிழமைதான் வருவாங்க சார். அவங்க பார்க்கற வரைக்கும் எதையும் நம்பிடாதீங்க."

அவளுக்கென்ன தெரியும்? பார்த்தது நானல்லவா.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஐயோ. என்ன பண்ணிட்டேன்.

ஏப்ரல் 13

எழுதித்தான் ஆக வேண்டும். நேற்று காலை வீட்டுக் காரை எடுத்தேன். மனைவி வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. வாசல் கதவைத் திறந்துவிட்டு இடது பக்கம் நின்றிருக்கிறாள். எனக்கு அங்கே சுவர்தான் தெரிந்தது, காலிச் சுவர். மெதுவாகத்தான் போனேன். டப்பென்று சத்தம் கேட்டது. கதவு இடிக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மயக்கம் தெளிந்ததும் என்னிடம் சொல்கிறாள்: "நான் குரல் கொடுத்திருக்கணும்ங்க." திட்டியிருக்கலாம். திட்டித் தொலைத்திருக்கலாமே!

ஏப்ரல் 15

டாக்டரம்மா அந்தத் தாளைத் தள்ளி வைத்தார். செல்லாதாம். பொட்டு வருவதற்கு முன் அந்த மெஷின் உள்ளே 'கிர்' என்று திரும்பும். நடுநடுவே வேண்டுமென்றே சத்தம் மட்டும் கொடுத்து, வெளிச்சம் கொடுக்காமல் விடும். அதற்கும் அழுத்தியிருக்கிறேன். ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும்.

எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றிப் பழகிய கை. வேகம் காட்டும் முள்ளைப் பார்த்து நான் எந்தக் காலத்தில் ஓட்டினேன்? காது சொன்னதும் விரல் அழுத்திவிட்டது.

"நான் ஏமாத்தலீங்க டாக்டர். வெளிச்சம் தெரிஞ்சுதுங்க."

"தெரியும். நீங்க பார்த்ததாத்தான் நினைச்சிருப்பீங்க."

மினுக்கலைப் பற்றியும் கேட்டேன். வெறும் பட்டையிலும் அப்படித் தோன்றும்படி லேசாக வைத்திருப்பார்களாம்.

மே 6

மனைவியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வாக்கரைப் பிடித்து நடக்கிறாள். என் இடது பக்கமாக வரும்போது அதைத் தரையில் இரண்டு தட்டு தட்டுகிறாள். யாரும் சொல்லித் தரவில்லை, அவளாகவே ஆரம்பித்தாள். டொக் டொக் என்றால் நான் அசையாமல் நின்றுவிடுவேன்.

மே 19

பட்டை கட்டுவது முடிந்தது.

ஜூன் 2

கடைசிச் சோதனை. காதில் பஞ்சு வைக்கச் சொல்லி நானே கேட்டேன். அந்தப் பெண் வைத்துவிட்டாள். அப்புறம் அமைதி. விரல் சும்மாவே கிடந்தது. அழுத்த ஆசையாக இருந்தது, அழுத்தவில்லை.

"இந்தத் தடவை சோதனை செல்லும்" என்றார் டாக்டரம்மா. வலது கண்ணில் இரண்டொரு இடம் தேறியிருக்கலாம், அது பட்டையாலா என்று எல்லோர் கணக்கும் முடிந்த பிறகே தெரியும். இடது பக்கம் மாற்றமில்லை. பஸ் இனி கிடையாது.

வீட்டில், "பரவாயில்லையாம், தேறுதாம்" என்று சொன்னேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, வேறென்ன செய்ய? அவள் "அப்படியா" என்றாள், அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது இடது தோளில் ஒரு கை விழுந்தது. தூக்கிவாரிப் போட்டது. அவள்தான், கண் இந்த நோட்டின் மேல்.

"எப்ப வந்தே? தட்டவே இல்லையே?"

"நீங்க உட்கார்ந்ததுலேருந்து இங்கதான் நிக்கறேன்."

வாக்கரைத் தட்டிக்கொண்டே உள்ளே போனாள். தலையைத் திருப்பாமல், இடது பக்கச் சுவரில் கார் சாவி மாட்டும் இடத்தைக் கையால் தடவினேன். ஆணி மட்டும் இருந்தது.