இறங்குவதுதான் வேலை

பிப்ரவரி 3, செவ்வாய்

புதுக் காலணி வாங்கியாயிற்று. பளீர் ஆரஞ்சு. ஓட்டப் பந்தயத்துக்கா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று கூசாமல் சொல்லிவிட்டேன். நான் கடைசியாக ஓடியது பள்ளிக்கூடத்தில்.

மார்ச் 17 உடல்தகுதித் தேர்வு. ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இந்த வருடம் முதல் கட்டாயம். எண்பது கிலோ பொம்மையை மடக்கு நாற்காலியில் கட்டுவார்கள். வண்டி ஓட்டுகிற அண்ணன் தலைமாட்டில், நான் கால்மாட்டில். ஐந்து மாடி. நடுவில் ஒரே ஒரு முறை நாற்காலியைத் தரையில் வைக்கலாம். தேறாவிட்டால் அண்ணனுக்கு வேறு ஜோடி, எனக்கு அழைப்புகளை எடுக்கிற போன் அறை. எட்டு வருடம் வண்டியில் போனவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரையை வெறித்தபடி உட்கார்வதா? நடக்காது!

திட்டம் தயார். எங்கள் குடியிருப்பில் எட்டு மாடி. தினமும் மூன்று தடவை ஏறுவது. நாளையிலிருந்து. எனக்குத் தலைகால் புரியவில்லை, அப்படி ஒரு உற்சாகம்.

பிப்ரவரி 4, புதன்

எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். மூன்று நாள் பகல், மூன்று நாள் இரவு என்று மாறி மாறி வேலை. உடம்புக்கு எது காலை எது மாலை என்றே மறந்துபோய்விட்டது. காலை எட்டு மணிக்கு வந்து படுத்தேன். இவர் பக்கத்து அறையில் திரைச்சீலை தைக்கிறவர். நான் படுத்தால் பாவம் என்று மிஷினை நிறுத்துவார். நின்றதும் எனக்கு முழிப்பு வந்துவிடும்! இத்தனை வருடத்தில் இது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் நானும் சொன்னதில்லை. இன்று சொன்னேன். சொன்னேன் என்ன, கத்தினேன். "ஓட்டுங்க அதை, நிறுத்தித் தொலைக்காதீங்க." பாவம் மனுஷர்.

மூன்று மணி நேரம் தூங்கியிருப்பேன். படிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எதுக்குடி உனக்கு ஆரஞ்சுக் காலணி? யாருக்குக் காட்ட?

போன மாதம் எங்கள் வண்டியில் வந்த ஒரு பெரியவரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நாலாவது மாடி. நான் கால்மாட்டில், அவர் முகத்துக்கு நேர் எதிரே. "கனமா இருக்கேனாம்மா?" என்று கேட்டார். இல்லை ஐயா என்று சொல்ல வாயைத் திறந்தேன் – மூச்சுதான் வந்தது, பேச்சு வரவில்லை. ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். தரைக்கு வரும்வரை "மன்னிச்சுக்கோம்மா, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நெஞ்சு வலியோடு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பிப்ரவரி 10, செவ்வாய்

புது யோசனை: படுக்கும்போதே உடற்பயிற்சி உடுப்பு, காலணி எல்லாம் போட்டுக்கொண்டு படுப்பது. எழுந்தால் நேராகப் படி. சாக்குச் சொல்ல வழியே இல்லை.

மதியம் மூன்று மணிக்குக் கண் விழித்தேன். காலணிக் கயிறுகூட அவிழவில்லை. இவர் கதவில் சாய்ந்து நின்று, "ஓடிட்டு வந்தியா, இனிமேதான் ஓடப் போறியா?" என்று கேட்டார். எதிர்வீடு வரை கேட்டிருக்கும் நான் சிரித்த சிரிப்பு.

ஆனால் ஒன்று. ஆறு மணி நேரம்! அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம். பக்கத்து அறையில் மிஷின் நிற்காமல் ஓடியிருக்கிறது. தைக்க எதுவும் இல்லாதபோது ஊசியைக் கழற்றிவிட்டு வெறும் மிஷினை மிதித்தாராம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஏறிவிட்டேன். எட்டு மாடி, மூன்று தடவை, தொடர்ந்து நாலாவது நாள். ஒவ்வொரு தடவையும் உச்சிக்குப் போய்விட்டு எனக்கு நானே கொடுக்கிற பரிசு, லிஃப்ட்டில் ஜம்மென்று இறங்குவது. மேலே நின்று பார்த்தால் எங்கள் வண்டி நிறுத்துகிற இடம்கூடத் தெரிகிறது. தேர்வாவது மண்ணாவது. வரட்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மானம் போயிற்று.

ஆம்புலன்ஸ் நிலையத்தின் பின்படியில் ஒத்திகை. பொம்மைக்குப் பதில் மணல் மூட்டை. பின்னோக்கி முதல் மாடி இறங்கினேன், சரி. இரண்டாவதில் தொடை வெடவெடவென்று ஆடியது, யாரோ உள்ளிருந்து உலுக்குவது போல. நாற்காலியை வைத்தேன். தூக்கினேன். மறுபடி வைத்தேன். மூன்றாவது மாடியில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இத்தனை நாள் ஏறினேனே அண்ணே, லிஃப்ட்டில் மட்டும்தானே ஓய்வு எடுத்தேன் என்று புலம்பினேன். லிஃப்ட் எதற்கு என்றார். இறங்க என்றேன். அண்ணன் சிரிக்கக்கூட இல்லை.

"எட்டு வருஷத்துல நாம யாரையாவது மேல தூக்கிட்டுப் போயிருக்கோமா, தங்கச்சி? எல்லாரையும் கீழதான கொண்டு வர்றோம்."

பத்து நாள்! என் வேலை இறங்குவது. அதையும் பின்னோக்கி, கை நிறையப் பாரத்தோடு இறங்குவது. நானோ தினமும் நல்ல பிள்ளையாக ஏறிவிட்டு, இறங்குகிற இடத்தில் பொத்தானை அமுக்கியிருக்கிறேன். இதை எந்தச் சுவரிடம் போய்ச் சொல்லி அழுவது?

பிப்ரவரி 23, திங்கள்

அழவில்லை. விடிந்ததும் ஒன்று உறைத்தது, குதித்துவிட்டேன். இனிமேல் ஏறவே வேண்டாமே! லிஃப்ட்டில் மேலே போகவேண்டும், படியில் இறங்கவேண்டும். எவ்வளவு களைத்திருந்தாலும் லிஃப்ட் வரை நடக்க என்னால் முடியும். மேலே போய்விட்டால் தரைத்தளத்தில் இருக்கிற வீட்டுக்கு வந்துதானே ஆகவேண்டும்?

ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள் உடனே வேலையில் சேர்ந்துவிட்டாள். ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் கைக்கு ஒன்று. நான் பின்னோக்கி, அவள் எனக்குக் கீழே நின்று என் முதுகில் கை வைத்து, "படி... படி... படி... தளம்" என்று சொல்லிக்கொண்டு. ஐந்தாம் மாடிக்காரர் கதவைத் திறந்தார், எங்களைப் பார்த்தார், மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரே ஒரு தடவை. பத்து நிமிடம். கால் நடுங்குகிறது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

சட்டம் போட்டுக்கொண்டேன். ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தால் மூன்று தடவை. அதற்குக் குறைந்தால் ஒன்று. கண்ணே திறக்காத நாளில் கேன் இல்லாமல், முன்னோக்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சும்மா. ஆனால் லிஃப்ட் ஏறியே ஆகவேண்டும்.

மார்ச் 4, புதன்

மகள் இப்போது இறங்கும்போது பேச வைக்கிறாள். பதினேழாம் வாய்ப்பாடு. மூச்சு வாங்கினால் முதலிலிருந்து. இரக்கமே இல்லை, யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று தெரிகிறது. இன்று ஏழு பதினேழு நூற்றுப் பத்தொன்பது வரை வந்தேன்.

மார்ச் 9, திங்கள்

நாலு நாளாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டு மணி, மூன்று மணித் தூக்கம். இன்று வண்டியில் அண்ணனிடம், போன் அறையிலாவது உட்கார்ந்தே இருக்கலாம் என்று சொல்லிவிட்டேன். சிவப்பு விளக்கில் நின்றபோது என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"உனக்கு அது பிடிச்சா போ. களைப்புல முடிவெடுக்காத. தூங்கி எழுந்து அப்புறம் சொல்லு."

தூங்கினேன். மிஷின் ஓடியது. எழுந்தபோது எனக்குப் பதில் தெரிந்திருந்தது. வேண்டாம், அந்த அறை எனக்கு வேண்டவே வேண்டாம். லிஃப்ட்டில் ஏறினேன். ஒரு தடவை, கேன் இல்லாமல்.

மார்ச் 13, வெள்ளி

மூன்று தடவை! வாய்ப்பாடு முழுசாக! தொடை கல்லு மாதிரி இருக்கிறது. தொட்டுப் பாருங்கள் என்று இவரை நச்சரித்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தே சம்பாதிக்கிற தன் காலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

தேறிவிட்டோம். இரண்டாம் மாடியில் ஒரு முறை வைத்தோம், விதியில் உள்ளதுதான். தேர்வு வைத்தவர் என் பெயருக்கு நேரே டிக் போடும்வரை நான் மூச்சே விடவில்லை. அண்ணன் கை குலுக்கினார்.

மார்ச் 24, செவ்வாய்

காலை பத்தரைக்கு அழைப்பு. ஐந்தாவது மாடி, லிஃப்ட் பழுது. நல்ல கனமான அம்மா. இடுப்பில் அடி, வலியில் முகம் வெளுத்திருந்தது. கட்டினோம், தூக்கினோம். நான் கால்மாட்டில், அவர் முகத்துக்கு நேர் எதிரே.

நாலாவது மாடித் திருப்பத்தில் கேட்டார்.

"ரொம்பக் கனமா இருக்கேனாம்மா?"

இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை நாளும். வாயைத் திறந்தேன். பேச்சு வந்தது.

"எங்க வீட்டுத் தண்ணிக் கேனுக்கு நீங்க தேவலாம்மா."

அந்த வலியிலும் சிரித்துவிட்டார். அப்புறம் நான் நிறுத்தவில்லை. விழுந்தது எப்படி, பிள்ளைகள் எத்தனை, ஜன்னல் திரை யார் தைத்தது, இன்னும் மூன்றே திருப்பம்தான், இன்னும் இரண்டு. தரைக்கு வரும்வரை அவர் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை.

மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் அண்ணன் சட்டைக் காலரில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அஞ்சு மாடியும் வாய் மூடலையே தங்கச்சி. கேட்டுக்கிட்டு வந்த எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு."

நாளைக் காலை ஆறரைக்கு அண்ணனையும் படி இறங்க எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கேன் இன்னும் இரண்டு வாங்கவேண்டும்.