அண்ணனுக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள்

அண்ணே,

இன்று காலை மகளின் கைப்பேசி சாப்பாட்டு மேசையில் கிடந்து ‘ட்ர்ர்’ என்று அதிர்ந்தது. தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். என்னம்மா என்றாள். என்னத்தைச் சொல்ல? அந்த அதிர்வைக் கேட்டாலே எனக்கு உன் சட்டைப் பைதான் ஞாபகத்துக்கு வருகிறது. மணி அடித்து உனக்கு என்ன பயன்? நெஞ்சில் அதிர்ந்தால்தானே தங்கச்சி கூப்பிடுகிறாள் என்று உனக்குத் தெரியும்.

சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனவன் நீ. தொலைபேசி உனக்கு அடுத்த வீட்டுச் சொத்து மாதிரி. நான் கரங்கானுக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு, ஒரு வார்த்தை கேட்பதற்கும் சுங்கைப் பட்டாணி டயர் கடையிலிருந்து மோட்டாரில்தான் வருவாய். என் உதட்டைப் பார்த்து, நலம் என்று தெரிந்துகொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிப் போவாய்.

அப்புறம் ஒரு பட்டன் போன் வாங்கினாய். அதோடு போயிற்று என் நிம்மதி. பசியாறியாச்சா? அங்கே மழையா? என்ன கறி? பினாங்குப் பள்ளியில் உனக்குக் கற்றுக்கொடுத்தது மலாய்தான் என்பதால் எல்லாம் மலாயில், பாதி எழுத்தை விழுங்கிக்கொண்டு வரும். ‘தங்கச்சி’ மட்டும் தமிழ், அதுவும் ஆங்கில எழுத்தில். அந்தச் சின்னத் திரையில் இண்டர்நெட் வரிவரியாய் ஊர்ந்து வரும்வரை காத்திருந்து, காற்பந்து முடிவைப் பார்த்து எனக்கு அனுப்புவாய். நான் என்ன பந்தைக் கண்டேனா, ஆட்டத்தைக் கண்டேனா! “இத்தன வருசம் அடக்கி வச்சத கொட்டுறான், வாங்கிக்கோ லா” என்று அம்மா சிரித்தார்.

எல்லாரும் தொடுதிரைக்கு மாறியபோதும் நீ மாறவில்லை. பிடிவாதக்காரன். லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு, பார்க்காமலே கட்டைவிரலால் தடவி எழுதுவேன், கண்ணாடியில் முடியுமா என்று சைகையில் கேட்டாய்.

பிறகு கோவிட் வந்தது. உன்னை வார்டில் சேர்த்து, எங்களை வாசலோடு நிறுத்தினார்கள். வீடு வந்து சேர்வதற்குள் உன் செய்தி: ‘எல்லாருக்கும் வாய் மூடியிருக்கு. என்ன சொல்றாங்கன்னு தெரியல.’ உதட்டைப் பார்த்தே பிழைத்தவனுக்கு அங்கே பார்க்க ஓர் உதடுகூட இல்லை, எழுதிக் காட்ட யாருக்கும் நேரமும் இல்லை. அன்றிலிருந்து நான் வார்டுக்குப் போன் போட்டுத் தாதியிடம் கேட்பேன். அவர் சொல்வதை உனக்குத் தட்டுவேன். ஊசி எதற்கு, ஏன் குப்புறப் படுக்கச் சொல்கிறார்கள், எல்லாம், தாதி உன் கட்டிலருகே நின்றாலும், கரங்கானைச் சுற்றித்தான் உனக்கு வந்தது.

ஒரு மத்தியானம் தாதியே கூப்பிட்டார். உனக்கு மூச்சு போதவில்லையாம். மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் வைக்கப் போகிறார்களாம். நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றார். எந்தத் தங்கச்சிக்கும் அந்த வேலை வரக் கூடாது. தட்டினேன். எப்போது எழுப்புவார்கள் என்று கேட்டாய். தாதியிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. தெரியலண்ணே என்று அனுப்பினேன். பிறகு உன் பதில் வந்தது.

‘சரி. நீ மெசேஜ் போட்டுக்கிட்டே இரு தங்கச்சி. எழுந்ததும் படிக்கிறேன்.’

போட்டேன். வேறு என்ன என் கையில் இருந்தது? வெண்டைக்காய்க் குழம்பு தீய்ந்ததை எழுதினேன். கோயில் பூட்டிக் கிடப்பதை எழுதினேன். உன் ஆட்டக்காரர்கள் தோற்றதைக்கூட விசாரித்து எழுதினேன். நீ எழவில்லை.

உன் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாதி புண்ணியவதி, சார்ஜ் தீராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் அனுப்பிய அத்தனையும் வந்து சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இன்னும் பிரிக்காத கடித உறை மாதிரி ஒரு படம்.

இப்போது பாட்டரி உப்பிவிட்டது. அந்தப் போனுக்கு எந்தக் கடையிலும் பாட்டரி கிடைக்கவில்லை. இது அணைந்தால் அவ்வளவுதான், திறந்து காட்டுங்கள், எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்கிறேன் என்று மகள் கெஞ்சுகிறாள். அவள் சொல்வது நியாயம்தான். கையில் எடுக்கிறேன், பட்டனில் விரலை வைக்கிறேன், வைத்துவிடுகிறேன். திறந்தால், படித்தாயிற்று என்று அது காட்டிவிடும். நீ இன்னும் படிக்கவில்லையே அண்ணே.