ஒன்றாம் எண்ணில் ஓடும் ஹீட்டர்

அன்புள்ள சின்னப்பொண்ணுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

எழுத்து கோணல்மாணலாக, ஒரு வரி மேட்டிலும் ஒரு வரி பள்ளத்திலுமாகப் போகும், கோபித்துக்கொள்ளாமல் படி. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது, அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். அம்மாவே எழுதியிருப்பாள், நீங்க எழுதுங்க, கை பழகட்டும் என்று பலகையில் எழுதிக் காட்டிவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டாள்.

நம் பழைய காரின் ஹீட்டரைப் பற்றி உனக்குச் சொல்லவே இல்லை. குளிர் தொடங்கியதிலிருந்து அதன் விசிறி நாலாம் எண்ணில் மட்டும்தான் ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்றில் வைத்தால் செத்த மாதிரி கிடக்கும், நாலில் வைத்தால் காதுக்குள் மில் ஓடுகிற மாதிரி இரைச்சல். அம்மாவுக்குத் தொண்டை ஏற்கெனவே கம்மிப்போயிருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள் ஏதாவது சொன்னால் உதடு அசைவதுதான் தெரியும். அணைத்தால் பேச்சு கேட்கும், ஆனால் அவளுக்குக் குளிரில் பல் கிட்டிக்கும். குரல்வளையை எடுத்துத்தான் ஆக வேண்டும், அப்புறம் பேச முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றும் அப்படித்தான் திரும்பினோம். வழிநெடுகப் பேசினாள், நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து என்ன சொன்னே என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்ல விடுங்க என்றுவிட்டாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் இந்த இரைச்சலை நிறுத்தியே தீர வேண்டும் என்று தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். வேகத்தைக் குறைக்கிற ரெசிஸ்டர் கருகிவிட்டது என்று புதிது மாட்டினான். ஒன்றில் ஓடியது, பூரித்துப்போனேன். வீடு வருவதற்குள் தீய்ந்த வாடை, மறுபடியும் நாலு மட்டும்தான். திரும்பப் போய் நின்றதும், என்ன பெரியவரே, இதைத் தலைமுழுகிட்டு வேற வாங்குங்க, அம்மாவை எத்தனை நாள்தான் இந்தத் தகர டப்பாவுல கூட்டிட்டுப் போவீங்க என்று கேலி செய்தான். தம்பி, அவ குரல் இருக்கப்போறதே இன்னும் கொஞ்ச நாள்தான், அதைக் கேக்கணும்பா என்றேன். அவன் உடனே டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து மோட்டாரையே கழற்றினான். விசிறிக் கூண்டு முழுக்க மக்கிப்போன சருகு. மோட்டார் இறுகிப்போய்ச் சுற்றத் திணறியிருக்கிறது, அந்தப் பாரம் தாங்காமல்தான் ரெசிஸ்டர் கருகியிருக்கிறது. பழைய இரும்புக்கு உடைக்க வந்த இதே மாதிரிக் காரிலிருந்து நல்ல மோட்டாரைக் கழற்றிப் போட்டு, ரெசிஸ்டரும் மாற்றினான். உன் காரிலும் முன்கண்ணாடிக்குக் கீழே சருகு சேர்ந்தால் அவ்வப்போது கையால் அள்ளிப் போட்டுவிடு.

ஆபரேஷனுக்குப் போன காலையில் குமிழை ஒன்றில் வைத்தேன். சூடு வந்தது, சத்தமே இல்லை. என்னங்க, வண்டி ஓடுதா, நின்னுபோச்சா என்றாள். அப்புறம் வழியெல்லாம் பேசினாள். பெரிதாக ஒன்றுமில்லை. கொடிக்கம்பி துருப்பிடித்து வெள்ளைத் துணியைக் கெடுக்கிறது, மாற்றணும் என்றாள். உன் சின்ன வயசு ஸ்வெட்டரை யாருக்கும் தூக்கிக் கொடுத்துடாதீங்க என்றாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய பிறகும், இன்னும் பேசட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டேன். அணைங்க, பெட்ரோல் என்ன தண்ணியா என்று அதட்டினாள். அணைத்தேன். இத்தனை வருஷப் பேச்சில் எனக்குக் கடைசியாகக் கிடைத்தது அந்த அதட்டல்தான்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். நாளைக்கு நான் எழுதினா படிக்க ஆள் வேணாமா என்று, ஆஸ்பத்திரி பெஞ்சில் தொடையைக் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது காரில் பலகையில் எழுதி மடியில் வைத்துக்கொள்கிறாள். ஓட்டும்போது படிக்க முடியாது, சிவப்பு விளக்கு எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே போவேன். எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பச்சை வந்துவிடும், பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்துத் திட்டுவான், திட்டட்டும். ஹீட்டர் நன்றாக ஓடுகிறது. அந்த அமைதிதான் தாங்கவில்லை, சில நாள் நானே நாலில் வைத்துவிடுகிறேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு ஒன்றுக்குத் திருப்புவாள்.

போன ஞாயிறு நான் குளிக்கும்போது நீ போன் செய்திருக்கிறாய். அம்மாதான் எடுத்தாள். நீ ஹலோ ஹலோ என்றுவிட்டு லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். நான் வரும்போது அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள். உன்மேல் தப்பில்லை கண்ணு. இனிமேல் சத்தம் இல்லாவிட்டால் வைத்துவிடாதே, அது அம்மா. நீ பாட்டுக்கு என்ன சமைத்தாய், என்ன வாங்கினாய் என்று பேசு. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு நகத்தால் போனைத் தட்டுவாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் ரொம்ப காலம் பேசிக்கொண்டே வாழ வேண்டும். ஞாயிறை மறந்துவிடாதே. விரல் மரத்துவிட்டது, அடுத்த வாரம் இதைவிட நேராக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போடும்
உன் அப்பா